அப்படி ஒரு கையெழுத்துப்படி வரவில்லை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு எங்காவது பிறந்ததாகச் சொல்லிவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். முடியவில்லை.

போன மாதம், மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயாஸா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன என் நண்பன் லாக்கேவின் மகள். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, என் மனைவி அட்செதேயின் கன்னங்களில் மாற்றி மாற்றி முத்தமிட்டுவிட்டு, என் முழங்காலைத் தொடக் குனிந்தாள். பாதியிலேயே தூக்கிவிட்டேன்.

“காஷே, அப்பாவோட புத்தகம் இருபதாவது பதிப்பு வருது,” என்றாள். (காஷே என்பது வயதில் மூத்த ஆணை அடிஸ் அபாபாவில் நாங்கள் கூப்பிடும் முறை. அண்ணனுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் எங்கோ நிற்கும்.) “பின்னுரை ஒண்ணு வேணுமாம். ரெண்டே பக்கம். நீங்கதான் எழுதித் தரணும்.”

“நான் எதுக்கும்மா? பல்கலைக்கழகத்துல எழுதறேன்னு எத்தனை பேர் நிக்கறாங்க.”

“அவங்க யாரும் கையெழுத்துப்படிய ஒளிச்சு வைக்கலையே காஷே.”

அட்செதே உள்ளே காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

மெயாஸா சொன்னதன் பொருள் இதுதான். ‘மேட்டுவழி’ என்ற அந்த நாவலின் முதல் பக்கத்தில், எல்லாப் பதிப்புகளிலும், ஒரு வரி இருக்கிறது: “தன் கழுத்தைப் பணயம் வைத்து இதை ஒளித்துக் காத்த என் நண்பன் ஷிஃபராவுக்கு.” ஷிஃபராவ் நான்தான். அந்த ஒரு வரியால்தான் இந்த நாடு என்னை அறிந்திருக்கிறது. மருத்துவமனையில் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்து, “அந்த ஷிஃபராவா?” என்று கேட்டு எழுந்து நிற்கிறார். நானும் எழுநூறு பக்கத்தில் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். அதற்காக இதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை.

இரண்டு பக்கம் எழுத உட்கார்ந்தேன். வந்தது இது.

2

ஆரம்பங்கள்.

“லாக்கேவும் நானும் தெப்ரெ தாபோரில் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவனுடைய மேதைமையை முதன்முதலில் கண்டுகொண்டவன்—”

[நிறுத்தினேன். முதலில் கண்டுகொண்டவன் நான்தான், சந்தேகமில்லை. ஆனால் கண்டதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை நேர்மையாக முடித்தால் பின்னுரை அங்கேயே முடிந்துவிடும்.]

“அது கொடிய காலம். விடிந்தால் தெருவில் பிணங்கள் கிடந்தன. யாரும் யாரையும்—”

[உண்மைதான். ஆனால் காலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் வெளியே நிற்பதற்குத்தான் இந்த வாக்கியம் உதவும்.]

“லாக்கேவின் கையெழுத்து எனக்குப் பிடிக்காது.”

இதை அடிக்கவில்லை. இது இருக்கட்டும்.

அவன் எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து, எங்கோ அவசரமாகப் போகிறவை போலிருக்கும். என்னுடையவை நேராக நிற்கும், அழைப்புக்குக் காத்திருக்கும் சிப்பாய்கள் போல. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் அவன் நோட்டைத் தூக்கிக் காட்டி, “இந்தப் பையன் எழுத்து நடக்குதுடா!” என்றார். என் நோட்டைப் புரட்டிவிட்டு, “சுத்தமா இருக்கு,” என்றார். எழுபத்தைந்து வயதிலும் இதை நினைவு வைத்திருக்கும் ஒருவன்தான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறான். எச்சரிக்கையாக இருங்கள்.

அவன் பெயருக்கே ‘மிஞ்சி நின்றான்’ என்பது போல ஒரு பொருள் வரும். கதைக்காக நான் வைத்த பெயர் அல்ல. அவன் தாய் வைத்தது.

3

எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் அந்தப் பீரங்கியைத் தெரியும். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு, நாடு துண்டு துண்டாகிக்கொண்டிருந்தபோது, அப்போதைய அரசர் எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு ராட்சசப் பீரங்கியை வார்த்தார். அதைத் தொலைவிலுள்ள ஒரு மலைக்கோட்டைக்கு மனிதர்களைக் கொண்டே இழுத்துப் போனார். மாதக்கணக்கில். பாதையே இல்லாத இடத்தில் பாதை வெட்டி, தோல் கயிறு கட்டி, நூற்றுக்கணக்கான தோள்கள் இழுத்தன. மேலே போய்ச் சேர்ந்தது. அதற்குள் ராஜ்யம் போய்விட்டிருந்தது.

அதை நாவலாக எழுதுவது என்று நான் இருபத்து மூன்று வயதில் முடிவு செய்தேன். லாக்கேவுக்கும் சொன்னேன். பல்கலைக்கழக விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பேருந்தில், நீல நைல் பள்ளத்தாக்கில் வண்டி முனகிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தபோது.

“ராஜா எப்படி இருப்பாரு உன் கதைல?” என்றான்.

“எப்படின்னா? குதிரை மேல. சிங்கம் மாதிரி.”

“அவரையே காட்டாம எழுதினா?”

“பைத்தியமா உனக்கு? ராஜா இல்லாம பீரங்கிய யாரு இழுப்பா?”

“இழுத்தது ராஜாவா?” என்று சிரித்தான். “கயித்தைக் காட்டு போதும்.”

இங்கே ஒரு இடறல். எழுதும்போது இந்த உரையாடல் இப்படித்தான் வருகிறது. ஆனால் பல வருடங்கள் நான் இதை வேறு விதமாக நினைவு வைத்திருந்தேன்: கயிற்றைப் பற்றிச் சொன்னது நான், சிரித்தது மட்டும் அவன். அட்செதேயிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். எது சரி? பேருந்தில் இருந்த மற்றவர்கள் யாரும் உயிரோடு இல்லை. நான் விரும்பினால் இப்போதுகூட மாற்றி எழுதிவிடலாம். பேனா என் கையில்தான் இருக்கிறது.

மாற்றவில்லை. ஆனால் மாற்ற முடியும் என்பதைக் குறித்துவைக்கிறேன்.

4

1970ஆம் ஆண்டு. (எங்கள் நாட்காட்டிப்படி. உங்களுடையதற்கு ஏழெட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.) பேரரசர் போய் இராணுவம் ஆண்டுகொண்டிருந்தது. நான் ஒரு அரசு அலுவலகத்தில் வாசகன். அதன் பெயர் வேண்டாம். அச்சுக்குப் போக வேண்டிய எதுவும் தணிக்கைக்காக எங்கள் மேசைக்கு வரும். என்னிடமும் என்னோடு வேலை பார்த்த இருவரிடமும் சிவப்புப் பென்சில்கள் இருந்தன. எங்களுக்கு மேலே தோழர் வொந்தாஃப்ரஷ். எப்போதும் தும்மிக்கொண்டிருக்கும், காகிதத் தூசி ஒத்துக்கொள்ளாத மனிதர்.

லாக்கேவ் அப்போது பள்ளி ஆசிரியன். ஒரு வியாழக்கிழமை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். கக்கத்தில் துணியில் கட்டிய பொட்டலம்.

“தோழர் சிவப்புப் பென்சில் அவர்களே!” என்று விறைப்பாக ஒரு சலாம் வைத்தான்.

“மெதுவா பேசுடா. என்ன இது?”

“பீரங்கி.”

“என்ன பீரங்கி?”

“நம்ம ஊரு பீரங்கிதான். எழுதி முடிச்சுட்டேன்.”

ஆறு வருடமாக நான் அதை எழுதிக்கொண்டிருந்தேன். அவனுக்கும் தெரியும். அரசர் அப்போது என் முந்நூறாவது பக்கத்தில் குதிரை மேல் உட்கார்ந்திருந்தார், இறங்கத் தெரியாமல்.

“நீயும் எழுதறியே, கோவமா?” என்றான். “ரெண்டு பேரும் எழுதலாம் ஷிஃபே. மலை பெருசு.”

“கோவம் என்ன கோவம்,” என்றேன். “குடு.”

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. வந்த படியைப் பதிவேட்டில் எழுதிவிட்டால் முப்பது நாளுக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். நான் பதிவேட்டைத் திறந்தேன். பேனாவின் மூடியைக் கழற்றினேன். மூடிவிட்டேன். பொட்டலம் மேசையின் கீழ் இழுப்பறைக்குள் போயிற்று.

ஏன் பதியவில்லை? கவனமாகச் சொல்கிறேன், கதையின் முதுகெலும்பு இது. அவனைப் பாதுகாக்க அல்ல. அன்று எந்த ஆபத்தும் என் கண்ணில் படவில்லை. அவனுடைய முப்பது நாள் தொடங்கக்கூடாது என்று நினைத்தேன். என்னுடையது முதலில் முடியட்டும் என்று. அவ்வளவுதான்.

5

படித்தேன். மதிய உணவு இடைவேளைகளில், மற்ற இருவரும் சாப்பிடப் போனபிறகு, நான்கு நாளில்.

அரசர் வரவே இல்லை. நானூறு பக்கம். அவர் கூடாரத்தின் சிவப்புத் துணி தூரத்தில் தெரியும், அவ்வளவுதான். கயிறும் தோள்களும் மட்டும். இழுக்கிறவர்கள் யாருக்கும் எதற்கு இழுக்கிறோம் என்று தெரியாது. நின்றால் அடி. இதை அந்த வருடத்தில் படிக்கிற எவனுக்கும் அது நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று தோன்றவே தோன்றாது.

ஒரு பெண் வருகிறாள். வுபாலெம். கயிற்றுக்குத் தடவ வெண்ணெய் சுமந்து வந்தவள். ஒரு சரிவில் வண்டி பின்வாங்கி, அவள் கணவன் சக்கரத்தின் கீழ் போய்விடுகிறான். இழுப்பு நிற்கவில்லை, நிறுத்த உத்தரவு இல்லை. அவன் பிடித்திருந்த இடம் கயிற்றில் காலியாக நகர்ந்துகொண்டே போகிறது. அவள் வெண்ணெய்ச் சட்டியைக் கீழே வைக்கிறாள். அந்தக் காலி இடத்தை எட்டிப் பிடித்துக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொள்கிறாள். அழவில்லை. லாக்கேவ் அங்கே எழுதியிருந்த வாக்கியம்: “அவன் கை வைத்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது, அதில் வேறு யாரும் கை வைக்க அவள் விரும்பவில்லை.”

எழுந்து கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். ‘இதை நான் எழுதியிருக்க வேண்டும்’ என்றுகூட நினைக்கவில்லை. அது நல்ல பொறாமை. அதற்கு மருந்து உண்டு. நான் நினைத்தது: ‘இதை யாரும் படித்துவிடக் கூடாது.’

(இந்தப் பத்தியைப் படித்துவிட்டு அட்செதே கேட்டாள்: “அந்த வாக்கியத்த அப்படியே எழுதியிருக்கியா, இல்ல கொஞ்சம் கெடுத்து எழுதியிருக்கியா?” அப்படியேதான் எழுதியிருக்கிறேன். கெடுக்க முயன்றேன். அது கெடவில்லை.)

6

வாரம் ஒருமுறை பியாஸா கடைத்தெருவில் ஒரு காப்பிக்கடையில் சந்திப்போம். நின்றுகொண்டே குடிப்பது வழக்கம்.

“என்னாச்சு?”

“பரிசீலனைல இருக்கு.”

“யாரு பரிசீலிக்கறா? நீதானே?”

“மேல போயிருக்குடா.”

“மேலன்னா எங்க, அந்தத் தும்மல் தோழர்கிட்டயா? அவரு தும்மித் தும்மி பக்கமெல்லாம் பறந்துடப் போகுது.”

சிரித்தேன். அவன் நகைச்சுவையும் என்னுடையதை விட நன்றாக இருக்கும்.

நான்காவது வாரம் வந்தபோது அவன் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. காப்பியைத் தொடவில்லை.

“எங்க தெருவுல வீடு வீடா சோதனை போட்டாங்க ஷிஃபே. கார்பன் படி ஒண்ணு வச்சிருந்தேன்ல, அத வொய்ன்ஷெத் அடுப்புல போட்டுட்டா.” வொய்ன்ஷெத் அவன் மனைவி. மெயாஸா அப்போது அவள் வயிற்றில். “அவமேல தப்பில்ல. வாசல்ல துப்பாக்கியோட நின்னாங்க. நோட்டெல்லாம் போச்சு, குறிப்பெல்லாம் போச்சு.”

“அய்யோ.”

“இப்ப இருக்கறது உன்கிட்ட இருக்கறது ஒண்ணுதான்.”

அப்போது எனக்குள் ஏற்பட்டதை எப்படி எழுதுவது? “எனக்குத் துக்கம் தொண்டையை—” [பொய்.] “ஒரு பெரும் பொறுப்பு என் தோள்மேல்—” [இன்னும் பெரிய பொய்.] எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தீயில் கைகாட்டிக் குளிர்காய்வது போன்ற சந்தோஷம். நாட்டின் மிகச் சிறந்த நாவல் என் இழுப்பறையில் கிடக்கிறது, அது இருக்கிறதா இல்லையா என்பதை இனி நான் முடிவு செய்வேன்.

“பத்திரமா இருக்கு,” என்றேன் அவன் தோளைத் தட்டி. “கவலைப்படாத.”

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை.

7

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். வில்லனாக என்னை எழுதுவதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டதோ? நல்லவனாகப் புகழ் கிடைத்தாயிற்று, இனிக் கெட்டவனாகவும் வேண்டும் என்று கேட்கிறேனோ? மெயாஸாவின் புத்தகத்தில் அவள் அப்பாவைவிட நான் சுவாரசியமானவனாக ஆகிவிடப் பார்க்கிறேனோ?

இருக்கலாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை பொட்டலத்தை அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கோட்டுக்குள் வைத்து, பட்டப்பகலில். உலகம் நம்பும் கதைப்படி, அங்கே பாதுகாப்பில்லை என்று உணர்ந்து உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுபோனேன். உண்மை: வுபாலெம் கயிற்றைப் பிடிக்கும் பதினோரு பக்கங்களைப் பார்த்து எழுதிக்கொள்வதற்காகக் கொண்டுபோனேன். அவளை என் நாவலில் வைத்துக்கொள்ளலாம் என்று. அவளுக்கு அபெபெச் என்று வேறு பெயர்கூட யோசித்தாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டு மேசையில் உட்கார்ந்து என் நேரான கையெழுத்தில் அவன் சாய்ந்த வாக்கியங்களை எழுதினேன். அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

புதன்கிழமை போனபோது லாக்கேவைப் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டிப்போயிருந்தார்கள். பதினோரு மணிக்குத் தோழர் வொந்தாஃப்ரஷ் கையில் ஒரு தாளோடு வந்தார். பின்னால் சீருடையில் இருவர்.

“தோழர் ஷிஃபராவ், லாக்கேவ் தம்தேன்னு ஒரு வாத்தியாராம். ராஜா காலத்துக் கதைன்னு சொல்லி நம்ம தலைமைய நக்கலடிச்சு நாவல் எழுதியிருக்கானாம். யாரோ தகவல் குடுத்திருக்காங்க. அந்தப் படி இங்க வந்திருக்கான்னு விசாரணைல கேக்கறாங்க.”

என் இழுப்பறைகளை இழுத்தார்கள். முதல் இழுப்பறை. இரண்டாவது. கீழ் இழுப்பறை. அதில் பழைய செய்தித்தாள்களும் ஒரு ஜோடிக் காலுறையும் கிடந்தன.

பதிவேட்டைத் திறந்தார்கள். ஒரு சிப்பாய் விரலை எச்சிலில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். அந்தப் பெயர் இல்லை.

“எழுதிக் குடுங்க,” என்றார் வொந்தாஃப்ரஷ். தும்மினார்.

எழுதினேன்: “அப்படி ஒரு கையெழுத்துப்படி இங்கு வரவில்லை.” கையெழுத்திட்டேன். ஷிஃபராவ், வாசகர்.

நட்புக்காக எழுதினேனா? பயந்து எழுதினேன். வந்தது என்று சொன்னால், ஏன் பதியவில்லை, எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். கேட்டால் என் வீட்டு மேசைக்கு வருவார்கள், அங்கே என் கையெழுத்திலேயே பதினோரு பக்கம் விரித்துக் கிடக்கிறது. பொறாமை படியை இழுப்பறையில் போட்டது, திருட்டு அதை வெளியே எடுத்தது, பயம் பொய் சொன்னது. மூன்றும் சேர்ந்து லாக்கேவின் உயிரைக் காப்பாற்றின. ஐந்து வாரத்தில் விட்டுவிட்டார்கள். அதே வாரத்தில் பிடிபட்ட அவனுடைய சக ஆசிரியர்கள் இருவர் திரும்பி வரவேயில்லை.

எழுத்தாளனாக நான் வாழ்நாளில் எழுதிய வாக்கியங்களில் ஒரு மனிதனை உயிரோடு வைத்தது அது ஒன்றுதான். உவமை இல்லை, அடைமொழி இல்லை. என்னுடைய மற்ற எழுநூறு பக்கமும் அப்படி இருந்திருக்கலாம்.

8

வெளியே வந்தவன் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தான். இடது காலைச் சாய்த்து வைத்து நடந்தான். கதவைச் சாத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

“உன் தாள என் முன்னாலதான் படிச்சாங்க,” என்றான். “‘வரவில்லை.’ எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. நீ எப்பவோ எடுத்துட்ட. எல்லாத்தையும் முன்னாலேயே யோசிச்சு வச்சிருக்க.”

அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். அட்செதே ஷிரோ குழம்பைக் கொண்டுவந்து வைத்தாள். லாக்கேவ் பசியோடு இன்ஜெரா ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டான். நான் அவனுக்கு ஊட்டினேன். பிரியமானவர்களுக்கு நாங்கள் அப்படிச் செய்வோம். முதல் கவளம், இரண்டாவது கவளம். பிறகு பேச முடியாது.

“திரும்பக் குடுத்துடட்டுமா?” என்று மட்டும் கேட்டேன்.

“வேணாம் வேணாம். உன்கிட்டயே இருக்கட்டும். அங்கதான் பத்திரம்.”

பதின்மூன்று வருடம் என்னிடமே இருந்தது. பலமுறை எரிக்க எடுத்தேன். எரிப்பதற்கு முன் ஒரு பக்கம் பார்க்கலாம் என்று தொடங்கி ஐம்பது பக்கம் படித்துவிட்டு மறுபடி கட்டிவைத்துவிடுவேன். ‘மேட்டுவழி’யை உலகத்தில் என்னை விட அதிகமாக விரும்பிய வாசகன் கிடையாது. அதுதான் என் தண்டனை என்று எழுதினேன். நன்றாக இருக்கிறதே என்று தோன்றியதால் சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.

9

என்னுடைய நாவல் 1976இல் வந்தது. ‘அரசனின் இடி’. புரட்சி விழாவுக்கு அரசு அச்சகமே போட்டது. எனக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. ஒரு வருடம் கழித்து மெர்க்காத்தோ சந்தையில் வறுத்த பார்லி வாங்கினேன். பொட்டலம் கட்டியிருந்த தாளில் என் அரசர் குதிரை மேல் உட்கார்ந்திருந்தார். பார்லி நன்றாக இருந்தது.

அபெபெச்சும் அதில் வந்தாள். அவள் கயிற்றைப் பிடித்தாள். ஆனால் என் பக்கத்தில் அவள் மூச்சு விடவில்லை. ஊர்வலத்தில் தூக்கிப்போகும் படம் போல நின்றாள். நான் அவளைத் திருடினேன். அவள் வர மறுத்துவிட்டாள்.

லாக்கேவ் படித்தான். வந்தான். “படிச்சேன்,” என்றான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். “அபெபெச், நல்ல பேரு,” என்றான்.

இராணுவ ஆட்சி போனபின் அவனுடைய நாவலும் வந்தது. ஒரு விமர்சகர், ஷிஃபராவின் பாத்திரத்தை லாக்கேவ் எடுத்து மெருகேற்றியிருக்கிறார் என்று எழுதினார். அன்று முழுவதும் அந்தப் பத்திரிகையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மறுப்பு எழுதவில்லை. லாக்கேவும் எழுதவில்லை. அவன் எழுதியது நான் முதலில் சொன்ன அந்த நன்றி வரியை மட்டும்தான். எல்லாம் தெரிந்தபிறகு எழுதிய வரி அது.

ஏன் எழுதினான்? இங்கேதான் என் கதை நொண்டுகிறது. என்னை எனக்குத் தெரியும், எழுதிவிட்டேன். லாக்கேவை எழுத வரவில்லை. அவ்வளவு நல்லவன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தந்திரக்காரன் என்று எழுதினால், நன்றியை என் கழுத்தில் கல்லாகக் கட்டித் தொங்கவிட்டான் என்று எழுதினால், எனக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியாலேயே அதை நம்ப முடியவில்லை.

சாவதற்கு இரண்டு மாதம் முன்னால் பார்க்கப் போனேன். ஒரு பிற்பகல். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவில் சின்னதாக இருந்தான். சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன்.

“லாக்கேவ், அந்தப் பதினோரு பக்கம்...”

“தெரியும்டா.”

“நான் அத ஒளிச்சு வைக்கல. நான்—”

“தெரியும்னேன்ல.” மூச்சு வாங்கினான். “உன்னுதுல அவ கயித்த இடது தோள்ல போடறா.”

“என்ன?”

“நான் வலது தோள்னு எழுதியிருந்தேன். நீ பாத்து எழுதறப்ப மாத்திட்ட. வெண்ணெச் சட்டி அதுவரைக்கும் வலது தோள்ல இருந்துச்சு, அந்தத் தோள் மரத்துப்போயிருக்கும். இடதுலதான் போட முடியும். நீ சரியா பாத்திருக்க. அச்சுக்குப் போறப்ப நானும் இடதுன்னு திருத்திட்டேன்.” கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் சிரித்தது. “நானும் திருடன்தான். ஒரு வார்த்தை.”

நான் அதை யோசித்து மாற்றவில்லை. கை தவறி எழுதியது. அதையும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வொய்ன்ஷெத் கஞ்சியோடு வந்தாள்.

10

முடிவுகள்.

அ. மெயாஸாவுக்கு இரண்டு பக்கம் மட்டும் கொடுக்கிறேன். கண்ணியமானது, முடித்து வைத்திருக்கிறேன். “இருண்ட நாட்களில் ஒரு சிறு விளக்கைக் காத்தவன்” என்று என்னைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். அவள் கண் கலங்குவாள். அப்பாவின் நண்பன் அவளுக்கு மிஞ்சுவான்.

ஆ. இதைக் கொடுக்கிறேன். அப்போது இருபதாவது பதிப்பைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பின்னுரையைப் பற்றித்தான் பேசுவார்கள். லாக்கேவின் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஏறி உட்கார்ந்துகொள்வேன்.

இ. இரண்டையும் அடுப்பில்—

இந்த மூன்றையும் அட்செதேயிடம் படித்துக் காட்டினேன். ஐம்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள். ‘மேட்டுவழி’ அவள் தலைமாட்டில் இருக்கிறது, என்னுடையது அலமாரியில்.

“உண்மையத்தான் எழுதியிருக்கேன்,” என்றேன்.

“உண்மைதான். யாரு இல்லன்னா?” என்றாள். “ஆனா அவன் உன்ன மன்னிச்சத உன்னால பொறுத்துக்க முடியல. அதுலயும் அவன் உன்ன ஜெயிச்சுட்டான்னு எழுதியிருக்க.”

“அப்ப குடுக்க வேணாமா?”

“அத என்கிட்ட கேக்காத. ரெண்டு பேருக்கும் நான் சோறு போட்டிருக்கேன்.”

இன்று மறுபடி ஞாயிற்றுக்கிழமை. மெயாஸா வந்துவிட்டாள், உள்ளே குரல் கேட்கிறது. இரண்டு கட்டுகளும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்று மெலிதாக, ஒன்று தடியாக. எதை எடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் அதில் கலப்படம் இருக்கும்.

ஆனால் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இதை எந்த மொழியில் படிக்கிறீர்களோ, அந்த மொழியில் ‘மேட்டுவழி’ அநேகமாக இன்னும் வந்திருக்காது. வுபாலெமை நீங்கள் பார்த்தது என் வழியாகத்தான். அவன் சிரிப்பைக் கேட்டதும் என் வழியாகத்தான். இந்தச் சில பக்கங்களுக்கு மட்டும், உங்களுக்கும் எனக்கும் நடுவில், எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனே. அது எனக்கு எவ்வளவு இனித்தது என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

அவள் கூப்பிடுகிறாள்.

“காஷே, எழுதிட்டீங்களா?”